தோட்டப்புறத் தமிழரும் தானாய் முளைத்த கீரையும்

உழவுக்கு முந்தியது பறித்துண்ணல். விதைத்ததை அறுப்பது உழவு. விதையாததைக் கண்டறிந்து, வேண்டிய அளவே கொய்து, வேரை நிலத்துக்கே விட்டு வருவது அதனினும் பழைய கலை. ஏர் பிடித்த பின்னும் தமிழர் இக்கலையைக் கைவிட்டாரல்லர். வரப்பிலும் குளக்கரையிலும் வேலியோரத்திலும் குப்பைமேட்டிலும் தானாய் முளைத்தவற்றை அவர்கள் பெயர் சொல்லி அறிந்திருந்தனர். கீரையைத் துப்புரவு செய்வதற்கு 'ஆய்தல்' என்ற சொல்லையே தமிழ் வழங்குகிறது. ஆராய்ச்சிக்கும் கீரைக்கும் ஒரே வேர்ச்சொல் அமைந்தது பொருத்தமே. தண்டு வேறு, பழுப்பு வேறு, பூச்சியரித்த இலை வேறு எனப் பிரித்தறியும் கண்ணே ஆராய்ச்சியின் தொடக்கமாகும்.

ஆயினும் இக்கலையின்மேல் நெடுங்காலமாக ஒரு நாணம் படிந்திருக்கிறது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஒரு வறிய வீட்டின் அடுக்களை காட்டப்படுகிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்த இல்லாள், பிறர் கண்டு இகழ்வரோ என அஞ்சி வாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். பசியினும் பெரிதாக அங்கே நிற்பது நாணம். அந்த அடைத்த கதவு சங்ககாலத்தோடு முடிந்துவிடவில்லை. கடல் கடந்து மலாயாவின் லயன் வீடுகளுக்கும் அது வந்து சேர்ந்தது. அக்கதவுக்குப் பின்னே ஒரு மக்கட்கூட்டம் தன்னை எவ்வாறு காத்துக்கொண்டது என்பது இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் எழுதப்பட வேண்டிய ஓர் இயல்.

வந்த மண்ணில் தெரிந்த முகங்கள்

செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே தமிழ்த் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். பின்னர்க் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து பரப்பினார். இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள் மலாயாவின் மேற்குக் கரை முழுவதும் பால்மரக் காடாயிற்று. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வடார்க்காடு, தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தனர். 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. 1910இல் இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தக் கூலிகளாகச் சேர்க்கும் முறை நிறுத்தப்பட்டது. ஆள் திரட்டல் கங்காணியின் கைக்கு முழுவதும் மாறியது.

வந்தவர்க்கு எல்லாம் புதிது. மரம் புதிது, மழை புதிது, மொழி புதிது. ஆனால் காலடியில் மட்டும் தெரிந்த முகங்கள் சில இருந்தன. அல்லூர் ஓரத்தில் பொன்னாங்கண்ணி படர்ந்திருந்தது. ஈரம் தங்கிய நிழலில் வல்லாரை வட்டமிட்டிருந்தது. மாட்டுக் கொட்டகையின் பின்புறம் குப்பைக்கீரையும் முள்ளுக்கீரையும் ஓங்கியிருந்தன. மணற்பாங்கில் பருப்புக்கீரையும், எரித்து ஒழித்த நிலத்தில் மணத்தக்காளியும் முளைத்திருந்தன. இவை வெப்பநாடுகள் எங்கும் பரவிய செடிகளாதலின், காவிரிக் கரையில் கண்டவை கிள்ளான் கரையிலும் இருந்தன. அவற்றுள் முள்ளுக்கீரை அமெரிக்க மண்ணிலிருந்து கடல் கடந்து வந்தது. அதுவும் ஒரு குடியேறி என்பதை அதைப் பறித்தவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

தெரியாதவற்றை மண்ணின் மக்கள் கற்றுத் தந்தனர். மலாய்க்காரர் சோற்றோடு பச்சையாகத் தின்னும் 'உலாம்' வகைகளுள் வல்லாரை, 'பெகாகா' என்ற பெயரில் முன்பே இடம்பெற்றிருந்தது. ஓடைக்கரையில் சுருண்டு எழும் பெரணிக் குருத்தை, 'பாக்கு' என்று அவர்கள் வழங்குவதை, தமிழ்ப் பெண்கள் தேங்காய்ப்பாலிட்டுக் குழம்பாக்கக் கற்றனர். மூங்கில் குருத்தை வேகவைத்து நீர் வடித்து உண்பதும் அவ்வாறே வந்தது. 'காடோங்' எனும் காட்டுக் கிழங்கு நஞ்சுடையது. பூர்வகுடியினரும் மலாய்க்காரரும் அதை மெல்லியதாகச் சீவி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து நஞ்சை நீக்கியே உண்பர். பார்த்துப் பழகாதவன் அதைத் தொடலாகாது என்பது அண்டைவீட்டார் வாயிலாகவே தோட்டப்புறத்துக்கு எட்டிய பாடம். மூன்று இனத்தாரும் பேசிப் பழக ஓர் ஓடைக்கரையும் ஒரு கைப்பிடிக் கீரையும் போதுமாயிருந்தன.

இத்தகைய அறிவு ஏட்டிலும் ஏறியது. 1912 முதல் 1925 வரை சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநராக இருந்த பர்க்கில், மலாய்த் தீபகற்பத்தின் பயன்தரு பொருள்களைத் தொகுத்து 1935இல் இரு பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். மக்கள் எச்செடியை எவ்வாறு உண்கின்றனர், எவ்வாறு மருந்தாக்குகின்றனர் என்பதை அந்நூல் பொறுமையோடு பதிவு செய்கிறது. செடியைப் பற்றிய அறிவு செருப்பில்லாத கால்களோடு நடந்தது என்பதற்கு அந்நூல் ஒரு சான்று.

அரிசியும் கீரையும்

அக்கால மலாயாவை 'பெரிபெரி' எனும் நோய் வாட்டியது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, நெஞ்சு நின்று இறந்தோர் பலர். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் இந்நோயால் பெருந்தொகையாக மடிந்தபோது, தோட்டத்துத் தமிழர் பெரும்பாலும் தப்பினர். இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கியவர் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன். தமிழர் உண்பது புழுங்கலரிசி என்பதை அவர் 1907இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார். பிரேசர், ஸ்டான்டன் எனும் இரு மருத்துவர்கள் அதே மாநிலத்தின் டுரியான் தீப்புஸ் பகுதியில் ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்து ஆய்ந்தனர். வெள்ளையரிசி உண்டவரிடையே நோய் தோன்றியது. நெல்லைப் புழுக்கும்போது உமியை அடுத்த தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கி நிலைத்துவிடுகிறது என்னும் உண்மை பின்னர்த் தெளிவாயிற்று.

இதில் ஒரு பெரும் பாடம் உண்டு. ஏழையின் பழக்கம் என்று எள்ளப்பட்ட ஒன்றில் உயிர் காக்கும் அறிவு மறைந்திருந்தது. புழுங்கலரிசிக்கு மருத்துவர் சான்று கூறியதால் அது வரலாற்றில் ஏறியது. கீரைக்கு அத்தகைய சான்றாளர் அமையவில்லை. அரிசியும் கருவாடும் சிறிது பருப்பும் கொண்டு ஓடிய அடுக்களையில், கண்ணொளிக்கு வேண்டிய சத்தையும் குருதிக்கு வேண்டிய இரும்பையும் செலவின்றித் தந்தது அக்கீரைக் கட்டுதான். கூலிப் பேரேட்டில் ஏறும் பொருளன்று அது. மாலையில் முந்தானையில் ஏறி வந்து இரவில் தீர்ந்துபோயிற்று.

களை என்றும் கறி என்றும்

தோட்ட நிர்வாகத்தின் கண்ணுக்கு அதே செடி களை. தொடக்க காலத் துரைமார் ரப்பர் நிரைகளுக்கிடையே ஒரு புல்லும் இல்லாதபடி நிலத்தைச் சுரண்டி வைப்பதையே நல்ல நிர்வாகம் என்று கருதினர். வெளிக்காட்டு வேலைக்குப் போன பெண்கள் பகலெல்லாம் எதைக் கொத்தி எறிந்தார்களோ, அதையே மாலையில் பொறுக்கிச் சமைத்தார்கள். கொத்தியதற்குக் கூலி. பொறுக்கியது குழம்பு.

மலைச்சரிவுகளில் இம்முறை பெருங்கேட்டை விளைத்தது. போர்வையற்ற மேல்மண் மழைதோறும் கரைந்து ஆற்றில் சேர்ந்தது. 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இக்கேட்டை ஆராய்ந்தது. 1930களில் அக்கழகத்தைச் சேர்ந்த ஹெய்ன்ஸ், தானாய் முளைக்கும் அடிச்செடிகளை முற்றாக அழிக்காமல் தேர்ந்து நிறுத்திக் காக்கும் வழியை விளக்கி எழுதினார். லாலாங் போன்ற கேடு செய்யும் புல்லை அகற்றலாம். ஏனையவற்றை மண்ணின் போர்வையாக விட்டுவைக்கலாம் என்பதே அதன் கருத்து. நிலம் முழுவதையும் சுரண்டாதே, வேண்டியதை மட்டும் எடு, மற்றதை நிற்கவிடு என்ற இந்தக் கொள்கையைக் கீரை பறித்த பெண்கள் தங்கள் அளவில் முன்பே கடைப்பிடித்து வந்தனர் எனலாம்.

பஞ்சமும் போரும்

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையைத் தரைமட்டமாக்கியது. கூலி வெட்டப்பட்டது. இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் லயத்தின் பின்புறத்தில் கிடைத்த துண்டு நிலத்தில் காய்கறி பயிரிட்டும் மாடு வளர்த்தும் நாளைக் கடத்தினர். அது தோட்டத்துக்காரர் விட்டுவைத்த நிலமே தவிர, உழைத்தவர் உரிமை நிலம் அன்று. மறுநடவு வந்தால் முருங்கை மரமும் பெயர்க்கப்படும்.

அதனினும் கொடிய காலம் 1941 டிசம்பரில் வந்தது. கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் மூன்றில் ஒரு பங்கையே விளைவித்து, எஞ்சியதைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வருவித்தது. கப்பல் நின்றதும் சோறும் நின்றது. ரப்பரை வாங்குவார் இல்லை. பால்மரங்களை வெட்டிய இடத்தில் மரவள்ளி நடப்பட்டது. நாட்டு மக்களின் வயிற்றை மூன்றரை ஆண்டுகள் நிரப்பியது மரவள்ளிக் கிழங்கே. வயிற்றை நிரப்பியதேயன்றி உடலை வளர்க்கவில்லை. மாவுச்சத்து மட்டுமே மிகுந்த அவ்வுணவால் வீக்கமும் ஆறாப் புண்ணும் பெரிபெரியும் பரவின. புழுங்கலரிசியால் தப்பிய தமிழரும் இம்முறை தப்பவில்லை.

அதே வேளையில் ஆண்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஜப்பானியர் கொண்டுசென்றனர். 1943 அக்டோபரில் முடிவுற்ற 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் போனவர் பலர் திரும்பவில்லை. லயத்தில் எஞ்சியவர் பெண்களும் முதியோரும் சிறாரும். அவர்களைக் காத்தவற்றுள் மரவள்ளிக் கொழுந்தும் முருங்கையிலையும் சேம்புத் தண்டும் பெரணிக் குருத்தும் முன்னிற்பவை. மரவள்ளி இலையில் நஞ்சு உண்டு, நன்றாக இடித்து வேகவைத்து அந்நீரைக் கொட்டிய பின்னரே உண்ண வேண்டும். சேம்பு நாவை அரிக்கும், புளி சேர்த்து நெடுநேரம் வேகவிட வேண்டும். இவ்வறிவு உள்ள வீட்டில் உயிர் தங்கியது. இல்லாத வீட்டில் காடே எமனாயிற்று. அறிவு சோறாகும் காலம் ஒன்று உண்டு என்பதை அவ்வாண்டுகள் மெய்ப்பித்தன.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பசியை அழகுபடுத்துதல் தகாது. கீரை தின்று உயிர் வாழ்ந்ததைப் பொற்காலமாகப் பாடுவது, அக்கீரையும் கிட்டாமல் இறந்தவர்க்குச் செய்யும் இழிவு. போதிய கூலியும் போதிய அரிசியும் இருந்த வீட்டில் கீரை துணையுணவு. அவை இல்லாத வீட்டில் அது கடைசிப் புகல். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர் வரலாற்றைப் பிழையாகப் படிப்பவராவர்.

முள்வேலியும் நஞ்சும்

போர் முடிந்து மூச்சுவிடுமுன் 1948இல் அவசரகாலம் பிறந்தது. 1950இல் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி, காட்டோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 5 இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்டத் தொழிலாளரும் சிதறிய லயங்களிலிருந்து திரட்டப்பட்டு முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். காட்டில் இருந்த போராளிகளுக்கு உணவு சேராதபடி தடுப்பதே நோக்கம். அரிசி பங்கீடாயிற்று. வாயிலில் சோதனை நடந்தது. ஊரடங்கு நேரத்தில் வேலிக்கு அப்பால் நிற்பவன் குற்றவாளி ஆனான். காட்டினுள் இருந்த பயிர்த்திட்டுகள் வானூர்தியிலிருந்து மருந்து தெளித்து அழிக்கப்பட்டன. ஓடைக்கரைக்குப் போய்க் குருத்துக் கிள்ளுவது உயிரோடு விளையாடுவதாயிற்று. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிவுற்றபோது, வேலிக்குள் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டோரம் அச்சம் தரும் இடமாகவே பதிந்திருந்தது. தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் அறிவுக் கோவையில் முதல் கண்ணி அங்கே நெகிழ்ந்தது.

இரண்டாம் கண்ணியை நஞ்சு அறுத்தது. லாலாங்கை ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட் எனும் பாஷாணக் கரைசல் போருக்கு முன்பே தோட்டங்களில் புழங்கி, 1960கள் வரை நீடித்தது. தெளித்த புல்லை மேய்ந்த மாடுகள் மாண்டன. பாஷாணம் மட்கி மறையும் பொருளன்று. மண்ணிலேயே தங்கும். 1960களில் பாராகுவாட் வந்தது. மாற்று மருந்தில்லாத அந்நஞ்சை முதுகில் சுமந்து தெளித்தவருள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தெனாகானித்தா எனும் பெண்கள் அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு, அப்பெண்களின் மூக்குக் குருதியையும் நகம் உதிர்வையும் தோல் எரிவையும் உலகறியச் செய்தது. பாராகுவாட் மலேசியாவில் 2020 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. தாய் மருந்து தெளிக்கும் நிரையில் மகள் கீரை பறிக்க இயலுமா? "தோட்டத்துக் கீரையைத் தொடாதே" என்று சொல்ல வேண்டியவளாக அந்தத் தாயே ஆனாள். அக்கூற்றில் அறிவு இருந்தது. அறிவின் முடிவும் அதிலேயே இருந்தது.

சொந்த நிலம் என்னும் கனவு

பறித்துண்ணும் கலைக்கு அடிப்படை நிலத்தின்மேல் உரிமை. அடுத்த ஆண்டும் இங்கேயே இருப்போம் என்ற உறுதி உடையவனே வேரை விட்டு இலையைக் கொய்வான். நாளை துரத்தப்படுவோம் என்று அஞ்சுபவன் வேரோடு பிடுங்கினால் அவன்மேல் பிழையில்லை. உரிமையற்ற நிலையிலும் தோட்டப் பெண்கள் வேரை விட்டுவைத்தனர் என்பதே வியப்பிற்குரியது.

1950களில் வெள்ளைக்காரக் குழுமங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். இதற்கு விடையாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் தம் குறைந்த கூலியிலிருந்து மாதம் பத்து வெள்ளி சேர்த்துப் பங்குதாரராயினர். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. பாலெடுத்தவனே பாத்தியதைக்காரன் என்னும் நிலை, அளவிற் சிறியதாயினும், இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் ஒரு திருப்பம்.

ஆயினும் காலம் வேறு திசையில் ஓடியது. 1917இல் கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிக முறையில் முதன்முதல் நடப்பட்ட செம்பனை, 1990ஆம் ஆண்டளவில் பரப்பளவில் ரப்பரை விஞ்சியது. செம்பனைக்குக் குறைந்த ஆட்களே போதும். பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்திலிருந்து பெயர்ந்தோர் நகரத்து அடுக்குமாடிகளில் ஏறினர். சிங்கப்பூரில் கம்பங்கள் கலைந்து அடுக்குமாடிகள் எழுந்தபோது அங்கும் இதுவே நிகழ்ந்தது. நகரில் குடியேறித் தரைவீடு வாங்கியவர்கள் தமக்கே உரிய நிலத்தை முதன்முதலாகப் பெற்றனர். பெற்றவுடன் செய்தது என்ன? முற்றத்துக்குச் சிமெண்டுப் பூச்சு! நிலமில்லாக் காலத்தில் கீரையை அறிந்திருந்தோம். நிலம் வந்தபோது கீரையை மறந்தோம் என்று ஒரு சமுதாயமே சொல்ல வேண்டிய நிலை உருவானது. வறுமையின் நினைவோடு சேர்த்து அறிவையும் புதைத்ததே இதன் காரணம். சிறுபாணாற்றுப்படையின் அடைத்த கதவு இன்றும் திறக்கவில்லை.

மூதாட்டியர் வகுத்த இலக்கணம்

அழிந்துபோகாமல் எஞ்சியிருக்கும் அறிவைத் தொகுத்து நோக்கினால், அதற்கு ஒரு முறையான இலக்கணம் இருப்பது புலப்படும்.

முதலாவது, செடியின் இயல்பறிந்து கொய்தல். பொன்னாங்கண்ணி கணுதோறும் வேர்விடுவது. நுனியை ஒரு சாண் அளவு கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். பிடுங்கினால் இடம் வெறுமையாகும். வல்லாரை ஓடுகொடியால் பரவுவது. இலையைக் காம்போடு எடுத்துக் கொடியை விட்டுவிட வேண்டும். பெரணிக்கு ஒரு புதரில் சில குருத்துகளே எழும். அவற்றுள் ஓரிரண்டைக் கொய்து ஏனையவற்றை விரியவிட்டால்தான் கிழங்கு பட்டினி கிடவாது.

இரண்டாவது, விதைக்குப் பங்கு வைத்தல். குப்பைக்கீரையும் பருப்புக்கீரையும் ஓராண்டுச் செடிகள். எல்லாவற்றையும் பூக்குமுன் பறித்தால் அடுத்த மழைக்கு முளைக்க ஒன்றுமிராது. கொழுத்த செடிகள் சிலவற்றை முற்றவிடுவதே முறை. மணத்தக்காளிப் பழத்தில் பறவைக்கும் பங்குண்டு. அது தின்று எச்சமிட்ட இடத்திலேதான் அடுத்த செடி எழுகிறது. சேம்பும் காட்டுக் கிழங்கும் தோண்டினால் தலைப்பகுதியை அதே குழியில் ஊன்றிவிட வேண்டும்.

மூன்றாவது, இடத்தை மாற்றுதல். ஒரே மூலையில் நாள்தோறும் கை வைத்தால் அம்மூலை சோர்ந்துவிடும். ஒரு கிழமை கிழக்குப் பக்கம், மறுகிழமை மேற்குப் பக்கம் என்று சுற்றி வந்தால் சிறிய வளவும் ஆண்டு முழுவதும் தரும்.

நான்காவது, ஐயமுற்றதை விலக்கல். பெயரும் முகமும் ஐயமறத் தெரியாத செடியை உண்ணலாகாது. காளானில் இவ்விதி இரட்டிப்பாகப் பொருந்தும். மழைக்குப்பின் கறையான் புற்றில் எழும் காளானை அறிந்தவர் எடுப்பர். பிறர் அதைப் பார்த்து மகிழ்வதோடு நிறுத்தல் நலம். சாக்கடை நீர் பாயும் இடத்திலும் மருந்து தெளித்த இடத்திலும் முளைத்தது எத்துணைப் பசுமையாயினும் உணவாகாது. நீரில் வளரும் வள்ளைக்கீரையைப் பச்சையாக உண்ணாமல் வேகவைத்தே உண்ண வேண்டும். நீர்ப்பூச்சிகளின் முட்டையும் கூடும் அதில் ஒட்டியிருக்கும்.

ஐந்தாவது, பழகிய முறையிலேயே உண்ணுதல். இதற்குத் தக்க சான்று சக்குர் மானிஸ் எனும் செடி. மலாய் வீடுகளில் தலைமுறைகளாகச் சமைத்து உண்ணப்படுவது அது. 1990களின் நடுவில் தைவானில் உடல் மெலிய வேண்டி அதன் பச்சைச் சாற்றை நாள்தோறும் பருகியோர் பலர் நுரையீரல் கெட்டு அல்லலுற்றனர், சிலர் மாண்டனர். செடியை மட்டும் எடுத்துக்கொண்டு, சமைக்கும் முறையையும் அளவையும் விட்டுவிட்டதன் விளைவு அது. அளவும் முறையும் சேர்ந்ததே அறிவு.

இவ்வைந்தும் எழுதிவைக்கப்படாத சட்டங்கள். கட்டளையிட்டார் எவருமில்லை. கண்காணித்தாரும் இல்லை. எனினும் கடைப்பிடிக்கப்பட்டன. பறிப்பவளே மறுகிழமையும் அங்கு வர வேண்டியவள் என்பதே அவற்றின் காவல்.

எஞ்சியிருப்பது

இக்காலத்தில் சூழல் முற்றும் மாறிவிட்டது. சிங்கப்பூரின் பூங்காக்களிலும் இயற்கை வனங்களிலும் அனுமதியின்றி ஓர் இலையைப் பறிப்பதும் குற்றமாகும். அச்சட்டம் தேவையானதே. சிறிய தீவில் ஒவ்வொருவரும் ஒரு பிடி கொய்தால் காடு மிஞ்சாது. ஆதலின் இக்கலை வாழ வேண்டிய இடம் பொதுக்காடு அன்று. உரிமையுள்ள வளவே அதன் இடம். 2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டம் அடுக்குமாடிகளின் அடியில் அத்தகைய வளவுகளை உருவாக்கியது. மலேசியாவில் தரைவீட்டின் பின்புறத்திலும், தமிழ்ப்பள்ளியின் வளாகத்திலும், கோயிலின் மதிலோரத்திலும் அதற்கு இடமுண்டு. நிலத்தின் பழைய வரலாற்றை அறிந்து, நஞ்சு படிந்த மண்ணை விலக்கி, ஒரு மூலையைச் சுரண்டாமல் விட்டுவைத்தால் போதும். நடாமலே வருவன வரும்.

வர வேண்டியது செடி மட்டுமன்று. பெயரும் வர வேண்டும். பொன்னாங்கண்ணியைக் காட்டினால் 'புல்' என்று சொல்லும் தலைமுறை வளர்ந்திருக்கிறது. பெயரிழந்த செடி வெட்டுக்கத்திக்கு எளிய இரை. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த மூதாட்டியர் இன்னும் சிலர் உளர். அவர்கள் அறிந்த செடிகளின் தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், பறிக்கும் பருவம், சமைக்கும் முறை, விலக்க வேண்டிய குறிப்பு ஆகியவற்றை எழுதி வாங்கும் பணியைப் பள்ளிகளும் இளைஞர் மன்றங்களும் எழுத்தாளர் அமைப்புகளும் மேற்கொள்ளலாம். கூலியின் வரலாறும் தொழிற்சங்கத்தின் வரலாறும் மரண ரயிலின் வரலாறும் எழுதப்பட்டு வருகின்றன. அவற்றின் அருகே கீரையின் வரலாற்றுக்கும் ஓர் ஏடு வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் இந்நாட்டுக்குத் தந்தது ரப்பர்ப்பால் மட்டுமன்று. பிறர் நிலத்தில் வாழ்ந்தும் அந்நிலத்தை வறிதாக்காமல் உண்ணும் நெறியொன்றையும் அவர்கள் வகுத்து வாழ்ந்தனர். உரிமை நிலம் பெற்றோர் அந்நெறியைப் பேணுவது அவர்களுக்குச் செலுத்தும் நன்றிக்கடனாகும்.